புது மாடல் பம்பர்

4-11-1986, செவ்வாய்

நல்ல மழை. பள்ளிக்கூட ஆபீசில் பாதிப் பேர் வரவில்லை, அத்தனை டைப்பிங்கும் என் தலையில். வீட்டுக்கு வந்தால் மஸ்கட்டிலிருந்து அவர் கடிதம். பொங்கலுக்கு லீவில் வருகிறாராம். நலமா என்று ஒரு வரி, மீதி முழுக்கக் கார். மாடிப்படிக்குக் கீழே கழற்றி வைத்திருக்கும் பம்பர் இரண்டையும் பாலிஷ் போடக் கொடுத்து வை, வந்து நானே மாட்டுகிறேன் என்று.

போய்ப் பார்த்தேன். படிக்குக் கீழே கழுவித் துடைத்துக் கோலம் போடாத குறை. சாக்கு மூட்டையைக் காணோம்.

"அக்கா, இங்க சாக்குல சுத்தி ரெண்டு இரும்பு இருந்துச்சே?"

"அதுவா? தீபாவளிக்கு வூட்டைச் சுத்தம் பண்ணேன்ல, துருப் பிடிச்சுக் கெடந்துச்சு. பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுட்டேன். நீகூட துன்னியே."

தின்றேன். நல்ல பழம் என்று வேறு சொன்னேன்.

5-11-1986

வேலை ஓடவில்லை. எழுதினாலாவது நெஞ்சு அடங்குகிறதா பார்ப்போம்.

அந்தக் கார் அவருக்கு உயிர். இருபது வருஷப் பழைய இங்கிலீஷ் கார், எம்.ஜி., இரண்டே சீட்டு, துணிக் கூரை. பழைய முதலாளி ஓடாத வண்டி என்று இவர் தலையில் கட்டினார். இவர் அதை ஓட வைத்தார். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் அது போனால் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள்.

எல்லம்மா அக்கா, புருஷன் செத்து இங்கே வந்த நாள் முதல் அவர் கண்ணுக்கு உறுத்தல். போன லீவில் டார்ச் லைட் காணோம் என்று நாள் முழுக்கக் கத்தினார். "இன்னொரு சாமான் இந்த வூட்ல காணாம போவட்டும், அன்னிக்கே உங்கக்காவை வெளிய அனுப்பிடறேன்." டார்ச் அவர் பெட்டியிலேயே கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

அக்காவுக்குப் போக இடம் ஏது? மாமியார் வீட்டில் படியேற விடமாட்டார்கள். நான் என்ன செய்வேன்? கடவுளே, நான் என்ன செய்வேன்?

9-11-1986, ஞாயிறு

பேரீச்சம்பழக்காரனைத் தாம்பரம் மார்க்கெட்டில் பிடித்துவிட்டேன். "அன்னிக்கே கொடவுன்ல போட்டுட்டேம்மா. இந்நேரம் உருக்கியிருப்பான்" என்றான். ரோட்டில் நின்று அழுதேன். பாவம், அவன் ஒரு பொட்டலம் பழம் நீட்டினான். அதை வாங்கி அவன் முகத்திலேயே எறியலாமா என்று இருந்தது.

16-11-1986, ஞாயிறு

ஜெபராஜோடு புதுப்பேட்டை பழைய கார் சாமான் கடைகளுக்குப் போனேன். தாம்பரம் சானடோரியத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறான். அவர் ஊரில் இல்லாதபோது மாதத்துக்கு ஒருமுறை வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகிறவன். நடந்ததை அவனிடம் மட்டும் சொன்னேன்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். பழைய மாடல் பம்பரா, அது எந்தக் காலத்து வண்டி என்று சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு கடையில் அதே எம்.ஜி.யில் புது மாடல் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பம்பர் உண்டு. ஆனால் பளபளக்கிற பட்டை இல்லை, கறுப்பு ரப்பர், குண்டாக, இரண்டு ஆள் தூக்க வேண்டும்.

"இது வேற, அது வேற. பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவாரே" என்றேன்.

"கண்டுபிடிக்கட்டும்க்கா. புது மாடலா மாத்தி வெச்சேன்னு நீங்களே சொல்லுங்க. சார் குஷியாயிடுவாரு. பழசு இன்னா ஆச்சுன்னு யார் கேக்கப் போறா?"

வேறு வழி? வாங்கிவிட்டோம்.

23-11-1986

வண்டி ஜெபராஜ் பட்டறையில். பாலிஷுக்குப் போகிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

பழைய ஓட்டை எதுவும் புது பம்பருக்குச் சேரவில்லை. இது வண்டியின் மூஞ்சியையே மூடுகிற ஜாதி. முன்னால் இருக்கிற கிரில்லைக் கழற்ற வேண்டும், மட்கார்டின் கீழ் ஓரத்தை வெட்ட வேண்டும், இண்டிகேட்டர் பம்பருக்குள் போவதால் பழைய இடத்தை அடைக்க வேண்டும்.

"வெட்டினா வெட்டினதுதான்க்கா. அப்புறம் பழசு கெடைச்சாலும் நிக்காது. சொல்லுங்க."

அவர் துணி போட்டுத் துடைக்கிற மட்கார்டு. வெட்டு என்றேன். அந்தச் சத்தம் கேட்க முடியாமல் ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

29-11-1986

மழை. கரண்ட் இல்லை. வெல்டிங் இல்லை.

2-12-1986

கரண்ட் இல்லை.

7-12-1986, ஞாயிறு

மாட்டினான். இடது பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்து நிற்கிறது! ஜெபராஜ் வலது பக்கத்துக்கு அட்டையில் அளவு வெட்டி, அதையே திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கும் பம்பரைத் தாங்குகிற இரும்பை வளைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தானாம். வண்டி எப்போதோ எங்கோ மோதி, இடது பக்கம் உள்ளே வாங்கியிருக்கிறது. மேலே பூசி மறைத்து விற்றிருக்கிறார் அந்த முதலாளி.

"இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியலக்கா. இந்த பம்பர் வந்து காட்டிக் குடுத்துடுச்சு."

என்னால் முடியவில்லை. இப்போது வண்டிக்குப் பழைய பம்பரும் இல்லை, புது பம்பரும் இல்லை, மூஞ்சியும் இல்லை. அவன் வேறு உட்கார்ந்து டீ குடிக்கிறான். கத்திவிட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன்.

14-12-1986

அக்கா கேட்டாள்: "அந்த இரும்பு மாப்ளைக்கு வேணுமா பேபி?"

"வேணாங்க்கா. வேஸ்ட் சாமான்."

அவள் நம்பவில்லை. புடவைகளை மடித்துப் பையில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஏன் என்றால், எலி கடிக்கிறதாம்.

4-1-1987, ஞாயிறு

இடது பக்கத்துக்குத் தனியாக இரும்பு வளைத்து, இடையில் பட்டை கொடுத்து ஏற்றிவிட்டான். நேராக நிற்கிறது. பெயின்ட் காய்கிறது.

10-1-1987, சனி

வந்துவிட்டார். பெட்டியைக்கூட வைக்காமல் தார்ப்பாயை விலக்கினார். ஒரு சுற்று சுற்றிவந்தார். "புது மாடல்..." என்றேன்.

"நீயா செஞ்சே?"

தலையாட்டினேன்.

"ஃபாரின் ரோட்ல போற வண்டி மாதிரியே கீதுடி."

தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். நான் சமையலறைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். தப்பித்தோம். அக்கா தப்பித்தாள்.

12-1-1987, திங்கள்

சாப்பிடும்போது கேட்டார்: "பழசு ரெண்டும் எங்க? அழகுக்கு செவுத்துல மாட்டலாம்." நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "நாந்தான் தெரியாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன் மாப்ள."

எனக்கு உயிரே போனது. அவரோ சிரித்தார், புரையேறச் சிரித்தார். அக்காவும் பயந்துபோய்ச் சிரித்தாள்.

கை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "பொங்கல் முடிஞ்சதும் உங்கக்காவுக்கு வேற எடம் பாத்து அனுப்பிடு. மஸ்கட்லயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

"அவ இன்னா பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

ஒன்றும் பண்ணவில்லையாம். புதுப்பேட்டை சேற்றில் அலைந்தேனே, மட்கார்டை வெட்டச் சொன்னேனே, எல்லாம் எதற்கு? பம்பர் தங்கத்தில் இருந்தாலும் அவளை அனுப்பியிருப்பார். எனக்கு எரிகிறது.

13-1-1987

அவள் போனால் நானும் போவேன் என்றேன். போ என்றார்.

19-1-1987, திங்கள்

அஸ்தினாபுரம் வந்துவிட்டோம், நானும் அக்காவும். ஒரே அறை, பின்னால் கிணறு. புருஷனோடு வராத பொம்பளைக்கு வீடா என்று என்னைப் பார்த்துத் தயங்கிய வீட்டுக்காரம்மா, அக்கா விதவை என்றதும் அவள் பேரில் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு ஹாஸ்டல் சமையலில் வேலை சொல்லியிருக்கிறேன். புடவைப் பையை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

8-3-1987, ஞாயிறு

காலையில் தெருவில் பிள்ளைகள் சத்தம். எட்டிப் பார்த்தால் கறுப்பு பம்பரோடு நம் வண்டி. நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறாராம். இளைத்திருந்தார். வாசலில் நின்று என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்: "உள்ள வரலாமா?"

அக்கா அரிசி களைந்த கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க மாப்ள. ஷூவை வெளிய வுட்டுட்டு வாங்க."

அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிவிட்டது போல, நேரம் பிடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை.