சுபாங் தாண்டியும் நின்ற மணம்

சம்பந்தி,

இன்று காலை கிள்ளானில் ரயில் ஏறியதும், பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை, காதில் பாட்டு. நீங்கள் முன்பு போட்டுக்கொண்டிருந்த அதே பாரிஸ் சென்ட். மூடியைத் திறந்ததுபோல அப்படியே வந்தது. ஷா ஆலம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. சுபாங் ஜெயா வருவதற்குள் பாதி போய்விட்டது. சென்ட்ரலில் இறங்கும்போது அவளிடம் மிச்சம் இருந்தது ஷாம்பு வாசம் மட்டும்தான். "பாத்தீங்களா?" என்று சொல்லத் திரும்பினேன். அந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடி.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். "வாசம் போகல சம்பந்தி, உங்க மூக்குக்குப் பழகிப் போச்சு." பழகவில்லை. போய்விட்டது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நிச்சயதார்த்தத்தில் நீங்கள் செய்ததையும் நான் இன்னும் விடவில்லை. என் மகனுக்குப் பெண் கேட்டு பண்டமாரானிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த உங்கள் வீட்டுக்குத் தட்டுகளோடு வந்தோம். சேலைத் தட்டு, பழத்தட்டு, இனிப்புத் தட்டு, கூடவே அலங்காரச் சாமான் தட்டு. இந்த ஊரில் அந்தத் தட்டில் சென்ட் இல்லாமல் இருக்காது. அதுவும் பெயர் பெரிதாகத் தெரிகிற சென்ட்டாக இருக்க வேண்டும், மேலே சுற்றிய கண்ணாடித் தாளுக்கு வெளியே இருந்தே படிக்கிற மாதிரி. நான் கடையில் வாங்கவில்லை. வருகிற மருமகளுக்கென்று நானே கலந்து, அலமாரி இருட்டில் பல வாரம் ஊறவைத்து, வெறும் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன்.

தட்டைப் பிரித்ததும் நீங்கள் அந்தப் பாட்டிலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஒரிஜினல் கிடைக்கலயா சம்பந்தி?"

"இதுதான் ஒரிஜினல். நான் செஞ்சது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பல் தெரியாமல். கொஞ்ச நேரத்தில் என் பாட்டில் தட்டில் இல்லை. உங்கள் அறையிலிருந்து வந்த பாரிஸ் பாட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. புகைப்படத்திலும் அதுதான் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அவர் போன பிறகு சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். மொத்தக் கடையில் எசன்ஸ் எண்ணெய் வாங்கி, ஸ்பிரிட்டில் கலந்து, கெடுத்து, கொட்டி, மறுபடி கலந்து கற்றுக்கொண்டேன். பெரிய மாலில் சென்ட் கவுண்டருக்குப் போய் நின்று மோந்து பார்ப்பேன். அங்கே நிற்கிற பெண் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, வாங்கப் போறீங்களா, சும்மாவா?" என்பாள். சும்மாதான். மோந்து பார்க்க யாருக்கும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. பாரிஸ்காரன் அவன் ஊர்க் குளிருக்குக் கலக்கிறான். நம் வியர்வைக்கு அது தாங்காது. சர்க்கரை வாசத்தைக் குறைத்து, அடியில் வெட்டிவேரும் சந்தனமும் கொடுத்தால்தான் இங்கே நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதைப் போய்க் காப்பி என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கல்யாணம் முடிந்து நெடுநாள் நாம் பேசிக்கொண்டது "சாப்பிட்டீங்களா?" மட்டும்தான். அப்புறம் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். வங்கியில் ஓய்வு பெற்றிருந்தீர்கள்.

"பூ வாங்க வந்தேன்" என்றீர்கள். பூக்கடை பக்கத்தில் இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தட்டிலிருந்து நீங்கள் எடுத்து ஒதுக்கிய பாட்டிலை உங்கள் மகள் யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்திருக்கிறாள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் சோபா மெத்தையில் அந்த வாசம் தங்கியிருக்கிறது. இதை நீங்கள் நேராகச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, காலியான பாரிஸ் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"அவ போடுறது இதுல கொஞ்சம் ஊத்திக் குடுங்க."

"இது திறக்காது. கழுத்த இறுக்கித்தான் செஞ்சிருக்கான்."

"ஊசி வெச்சு ஏத்தலாமாமே. எல்லாரும் செய்றாங்க லா."

"எல்லாரும் செய்வாங்க. நான் செய்ய மாட்டேன். என் சரக்கு என் பாட்டில்லதான் போவும்."

நீங்கள் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு முழம் பூகூட வாங்கவில்லை. மருமகள் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தை, அம்மாவே எறங்கி வந்தாங்க. கொஞ்சம் ஊத்திக் குடுத்தா என்ன?" என்றாள். என்னவா? என் கையால் செய்ததை அவன் பெயரில் நீங்கள் போட்டுக்கொண்டு போவீர்கள். நாலு பேர் பாரிஸ் என்று பாராட்டுவார்கள். நீங்களும் தலையாட்டுவீர்கள். உங்கள் வாயால், உங்கள் ஆட்கள் முன்னால், இது எங்கள் சம்பந்தி செய்தது என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை யாரிடமும் கேட்கவும் இல்லை.

சில வாரம் கழித்து நீங்களே வந்தீர்கள். "சரி, உங்க பாட்டில்லயே குடுங்க" என்று வாங்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தீர்கள். அந்த பாரிஸ் பெயரை எழுதி, கீழே 'மாதிரி' என்று எழுதியிருந்தேன். மேசையில் இருந்த மற்ற பாட்டில்களையும் ஒவ்வொன்றாகப் படித்தீர்கள்.

"காப்பி இல்லன்னு ஊரெல்லாம் சண்டை போடுறீங்க. எல்லாப் பாட்டில்லயும் அவங்க பேரத்தான எழுதி வெச்சிருக்கீங்க?"

"பேரு இல்லாட்டி எப்படி லா விக்கிறது?"

"அது உங்க பாடு" என்றீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் என் முன்னால் பல் தெரியச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் உங்களுக்கென்று ஒன்று கலக்க ஆரம்பித்தேன். எந்த பிராண்டையும் பார்த்துச் செய்யாமல். முதலில் கொடுத்ததை மோந்துவிட்டு, "மூட்டுவலித் தைலம்" என்றீர்கள். அடுத்தது, "கோயில் பிராகாரம்." அதற்கடுத்ததற்கு மூக்கை மட்டும் சுளித்தீர்கள். கலவையைச் சோதிக்க என்னிடம் ஒரே வழிதான். கிள்ளானில் பூசிக்கொண்டு சென்ட்ரல் வரை ரயிலில் போவது. நம் மூக்கை நம்பக் கூடாது. சுபாங் தாண்டிய பிறகும் பக்கத்தில் நிற்கிற பெண் திரும்பிப் பார்த்தால் சரக்கு தேறியது. நீங்கள் மகள் வீட்டில் தங்கும் நாட்களில் கூடவே வந்தீர்கள். ஒருமுறை ஒரு மலாய்க்கார அம்மா திரும்பியதும் என் தொடையில் தட்டினீர்கள். "அது ஸ்டேஷன் பேரு பாக்குது சம்பந்தி" என்றேன். "சும்மா இருங்க, என்னத்தான் பாக்குது" என்றீர்கள். அந்த அம்மா கொஞ்சம் கிட்டே வந்து நின்றாள். அன்று சென்ட்ரலில் நீங்கள்தான் தோசை வாங்கிக் கொடுத்தீர்கள்.

ஆனாலும் உங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பாரிஸ் பாட்டில்கள்தான் வரிசையாக நின்றன. என்னுடையது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால். நான் கவனித்தேன். கவனித்ததை நீங்களும் கவனித்தீர்கள்.

பிறகு அந்தத் தீபாவளித் திறந்த இல்லம், வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் வீட்டைத் திறந்துவைத்து விருந்து போட்ட நாள். மெல்பர்னிலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார். உங்கள் வங்கித் தோழிகள், அண்டை வீட்டுச் சீனக் குடும்பம், கூடம் நிறைய ஆட்கள். நான் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா உங்களைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"என்னடி போட்டிருக்க? பாரிஸா? பேரு சொல்லு, போறப்ப ஏர்போர்ட்ல வாங்கணும்."

நான் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏர்போர்ட்ல கிடைக்காதுக்கா. எங்க சம்பந்தி செஞ்சது. இதோ நிக்கிறாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல கடை."

"ஐயோ, லோக்கலா?"

"லோக்கல்தான். காலைல போட்டது. உன்னோடது எங்க?"

அக்கா தன் மணிக்கட்டை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார். வங்கித் தோழிகள் சிரித்தார்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை, நீங்களும் என்னைப் பார்க்கவில்லை. நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருப்பீர்கள். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு கூடம் முழுக்க இன்னொரு சுற்று வந்தேன். அன்று நான் நடந்த நடை எனக்கே தெரிந்தது.

நீங்கள் கண்மூடிய பிறகு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்ற நிம்மதியும் இருக்கிறது. நிச்சயதார்த்தத் தட்டு விஷயம் மட்டும் தனி. அது அப்படியே இருக்கட்டும்.

மற்ற பாட்டில்களில் இன்னும் அவர்கள் பெயரைத்தான் எழுதுகிறேன். பெயரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள், வயிறு இருக்கிறதே. உங்களுக்காகக் கலந்ததை மட்டும் சீட்டு ஒட்டாமல் மேசையில் முன்னால் வைத்திருக்கிறேன். இன்று மத்தியானம்கூட ஒரு பெண் எடுத்து மோந்துவிட்டு, "இது எந்த பிராண்ட் மாதிரி, ஆன்டி?" என்றாள்.

"எங்க சம்பந்தி மாதிரி" என்றேன். "மொதல்ல மூஞ்ச திருப்பிக்கும். அப்புறம் போவே போவாது."

வாங்கிக்கொண்டு போனாள்.