முன்கூட்டியே கொடுத்த முடி

வில்பட்டி அக்கா,

இன்று காலை கடைவீதியில் ஒருத்தி எலுமிச்சை இலையைக் கசக்கித் தன் குழந்தையின் மூக்கருகே பிடித்தாள். அந்த வாசனையில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் எனக்குக் குமட்டும்போதெல்லாம் நீங்கள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய இலை அல்லவா? நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னார். வத்தலக்குண்டு வரை அழுதுகொண்டே போனேன்.

நமக்குள் என்ன உறவு? நீங்கள் சந்தைக்குப் பூண்டு மூட்டையோடு திங்கட்கிழமை பஸ்ஸில் இறங்குகிறவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கரண்டு வைத்தியம் என்று நாம் சொன்ன கதிர்வீச்சுக்காகத் திங்கட்கிழமைதோறும் மதுரைக்கு இறங்கிச் சனிக்கிழமை மலையேறி வருவேன். சொந்தக்காரர்களே நான் குடித்த டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்த காலம் அது. நீங்களோ முதல் நாளே என் தலையை இழுத்து உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டீர்கள். பூண்டு நெடி தாங்கவில்லை என்றேன்.

"அப்ப மூக்க அங்கிட்டுத் திருப்பிக்கங்க டீச்சர். தல இங்கனயே கெடக்கட்டும்."

டிரைவரையும் மிரட்டி வைத்திருந்தீர்கள். நான் கையைத் தூக்கினால் எந்த வளைவானாலும் பஸ் நிற்கும். பெயர்கூடத் தெரியாத அத்தனை பேரும் நான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

பாதி வைத்தியத்தில் எனக்கு வெறுத்துப்போனது. தோல் வெந்துவிட்டது, சோறு இறங்கவில்லை. மாதா கோயிலில் முழங்காலிட்டால் ஜெபம் ஒரு வார்த்தை வரவில்லை. "அடுத்த வாரம் வரமாட்டேன்க்கா. இருக்கிறவரைக்கும் மலையிலயே இருந்துக்கிறேன்" என்றேன். வாய் ஓயாத நீங்கள் அன்று மூட்டையை இறக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அது வருத்தம்தான்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். முக்காட்டை விலக்கினால் மொட்டைத் தலை, அதில் காய்ந்த சந்தனம்.

"யாருக்கு வேண்டுதல்?" என்றேன்.

"ஒங்களுக்குத்தேன். மலையிறங்கிப் பழனிக்கு நடந்தே போயி முடியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

நினைத்தது நடந்த பிறகுதானே மொட்டை போடுவார்கள், நான் இன்னும் பிழைக்கவே இல்லையே என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? டீச்சர் பொழச்சுட்டாங்கன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன். இப்ப நீங்க பஸ் ஏறலைன்னா சாமிகிட்டப் பொய் சொன்னவளாயிருவேன். வெரசா கெளம்புங்க."

"வீட்டுல திட்டலையா?"

"மாமியா கத்துச்சு. முடி மொளைக்கும், உசுரு மொளைக்குமான்னேன். வாய மூடிக்கிருச்சு."

சிரிப்பும் அழுகையுமாகப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நடந்த களைப்பில் அன்று நீங்கள்தான் என் தோளில் தூங்கி விழுந்தீர்கள். அந்த மொட்டைத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தபோதுதான், பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஜெபம் வந்தது. எனக்காக அல்ல, உங்களுக்கு முடி நன்றாக வளர வேண்டும் என்று. அதன்பின் வைத்தியம் முடியும்வரை ஒரு வாரமும் நான் தவறவில்லை.

முடி வளர்ந்து நீங்கள் கொண்டை போட்டதையும் பார்த்தேன். நானும் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். இப்போது மறுபக்கம் கட்டி தெரிகிறது. மறுபடி மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நேற்று எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் போய், நன்றிப் பூசை ஒன்று வைக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். நோயிலிருந்து பிழைத்ததற்கு என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்படியா! எப்ப குணமாச்சு?"

"இனிமேத்தான், சாமி" என்றேன்.