எதிர்க்கடைப் பலகை

மார்ச் 3
எதிர்க்கடை அக்கா மதியச் சாப்பாட்டின் விலையை இன்று இன்னும் குறைத்துவிட்டார். நானும் சாக்பீஸை எடுத்து என் பலகையில் அதே விலையைப் போட்டேன். விட்டுக்கொடுக்க முடியுமா? கடை அடுப்படியில் சமைத்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்து, இது கட்டுபடியாகுமா என்று கேட்டாள். உனக்கு வியாபாரம் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

மார்ச் 9
மளிகைக்காரருக்குக் கொடுக்கக் கல்லாவில் பணமில்லை. எப்படி இருக்கும்? மகனுக்குச் சைக்கிள், மைத்துனர் வந்தபோது தடபுடல் விருந்து, எல்லாம் அதிலிருந்துதான். சொந்தக் கடையிலேயே எனக்குக் கை நீளம்.

மார்ச் 17
கேஸ் சிலிண்டர் எடுக்கப் போன இடத்தில் எதிர்க்கடை அக்கா நின்றார். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் இரண்டு பேரும் தெருவுக்கு வந்துவிடுவோம் என்று குத்தலாகச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"முதல்ல குறைச்சது நீங்கதானே தம்பி. கணக்குப் போட்டுத்தான் குறைச்சிருப்பீங்கன்னு நம்பி நானும் குறைச்சேன்."

கணக்கா? கூட்டம் சேரட்டும் என்று தோன்றியதை எழுதினேன். அவரிடம் அதைச் சொல்லாமல் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18
ஒரு சாப்பாட்டுக்கு என்ன செலவாகிறது என்று மனைவியோடு உட்கார்ந்து முதல்முறையாகக் கணக்குப் போட்டேன். அரிசி, எண்ணெய், கேஸ், வாடகை. ஏதோ சில்லறை மிஞ்சியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சமைக்கிறவளோட சம்பளம் எங்க?" என்றாள் மனைவி.

மூன்று வருடம். கடை நன்றாக ஓடட்டும், தருகிறேன் என்று முதலில் தங்கையிடம் சொல்லியிருந்தேன். அப்புறம் — நம்ம வீட்டுப் பொண்ணுதானே, எங்க போயிடப் போறா? எழுதவே கூசுகிறது. பஸ்ஸுக்குக்கூட என் மனைவியிடம்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள். இன்றுதான் எனக்குத் தெரியும்.

மார்ச் 19
அவளிடம் பேச வேண்டும். இன்றும் பேசவில்லை.

மார்ச் 24
தங்கை நாளை முதல் வரமாட்டாள். எதிர்க்கடையில் சமையலுக்குச் சேர்கிறாள். மாதச் சம்பளமாம்.

"உன்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சுண்ணா. அவங்ககிட்ட கேக்க முடிஞ்சுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கரண்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 2
எதிர்ப்பக்கம் பார்க்காமல் விலையை ஏற்றி எழுதினேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

புதுச் சமையல்காரர் வந்துவிட்டார். ஒரு மாதச் சம்பளம் முன்பணமாக வேண்டும் என்றார். மைத்துனரிடம் கைமாற்று வாங்கி அப்போதே கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை.

வெளி ஆள் அல்லவா.