எண்பத்தெட்டு ராத்தல்

மச்சான்,

நேற்று பிலிமத்தலாவையில் பூட்டு வாங்க இரும்புக் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு கம்பிச் சுருள் கிடந்தது. மலையிலிருந்து தேயிலைக் கொழுந்து இறக்கும் கம்பி, அதே மசகு நாற்றம். பேசாமல் திரும்பிவிடத்தான் பார்த்தேன். அதை வாங்க வந்திருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சுருளில் தொங்கிய பாரத் தகட்டைக் காட்டி, "கிலோவுல போட்டிருக்குங்க. அம்பது கிலோன்னா எத்தன ராத்தல்?" என்று என்னைக் கேட்டார்.

அதற்கு உன்னிடம் ஒரு வழி இருந்தது. "ரெட்டிச்சுக்க. வந்ததுல பத்துல ஒரு பங்கக் கூட்டிக்க. அவ்வளவுதான்."

நம் தோட்டத்துக்கு ஜெர்மனியிலிருந்து புதுக் கம்பி வந்தபோது, நாற்பது கிலோவுக்கு மேல் தொங்கவிடக் கூடாது என்ற தகடு அடிவாரத்தில், நீ வேலை பார்த்த கொழுந்து ஸ்டோர் பக்கம் இருந்தது. உச்சியில் நின்று சாக்குகளைக் கொக்கியில் மாட்டி அனுப்புகிற நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் இல்லாத நேரம் நீ மேலே வந்து, கொக்கிப் பக்கம் இருந்த பலகையில் வெண்கட்டியால் 88 என்று எழுதிவிட்டுப் போயிருந்தாய். உனக்கு எதிலும் அவசரம். எண்ணை எழுதுவாய், கிலோவா ராத்தலா என்று எழுதமாட்டாய். தகட்டில் உள்ள கிலோவை அப்படியே எழுதியிருக்கிறாய் என்று நினைத்து நான் மறுபடி இரட்டித்தேன், பத்தில் ஒரு பங்கும் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று ராத்தல். வழக்கமான இரண்டு சாக்குக்குப் பதில் நான்கு மாட்டச் சொன்னேன். கணக்குப் போட்டுவிட்ட பெருமை வேறு.

அன்று பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. முதல் நான்கு சாக்கும் இறங்கும்போது கம்பி முனகியது. கொக்கி மாட்டும் கிழவர் கையை எடுத்துக்கொண்டார்.

"பழைய கம்பி இப்பிடி அழுததில்லீங்க."

"புதுசு அப்பிடித்தான்," என்றேன்.

இரண்டாவது முறை, சாக்குகள் போய்ச் சேர்ந்த பிறகும் முனகல் நிற்கவில்லை. மூன்றாவதற்குக் கிழவர் கிட்டவே வரவில்லை. நானே மாட்டித் தள்ளினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் நீ ஸ்டோரைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பனிக்குள்ளிருந்து உன் குரல் ஏறி வந்தது.

"மச்சான், எத்தன ராத்தல் போடுற?"

ராத்தல் என்று நீ சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது. கொக்கி அதற்குள் என் கையைவிட்டுப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. அறுந்த கம்பி உன் மேல்தான் விழுந்தது என்று கீழே ஓடிப் போனபோதுதான் தெரிந்தது.

உன்னை மஹய்யாவ மயானத்தில் புதைத்துவிட்டு வந்ததும் தோட்டத்துத் துரை என்னிடம் எவ்வளவு ஏற்றினாய் என்று கேட்டார். "பலகையில உள்ளபடிதான்," என்றேன். சாக்குகள் பள்ளத்தில் சிதறிக் கிடந்தன, யாரும் எண்ணவில்லை. கிழவர் என்னைப் பார்த்துவிட்டு மலையேறிப் போய்விட்டார். அடிவாரத்தில் நீ கம்பியைச் சரியாக முடுக்கவில்லை என்று முடிவாயிற்று. உன் மனைவி இன்றும் அப்படித்தான் நம்புகிறாள்.

அந்தக் கணக்கப்பிள்ளைக்கு நூற்றுப்பத்து ராத்தல் என்றேன். அவர் சுருளோடு கட்டியிருந்த பலகையில் வெண்கட்டியால் 110 என்று மட்டும் எழுதினார். கட்டியைப் பிடுங்கி, பக்கத்தில் பெரிதாக 'ராத்தல்' என்று எழுதினேன்.

"நான் மறந்துடுவேனாங்க?" என்று சிரித்தார்.

உன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் சாகும்வரை மறந்திருக்கமாட்டார். நான் என் பூட்டைக் கேட்டு வாங்கினேன், மச்சான். வெண்கட்டி எழுத்து மேலே தெரிய, சுருளைக் கூரையில்லாத மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். கடுகண்ணாவைப் பக்கம் மழை கறுத்து நின்றது. வண்டி அந்தப் பக்கம்தான் போனது.