அறுபதில் நின்ற முள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது, எனக்கு அதே பழைய இடுப்பு வலி. அக்கா மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் திரிகிறான். பட்டறைக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. குடும்பச் செய்தி இவ்வளவுதான், இனி வருவதெல்லாம் திட்டு, உட்கார்ந்து படி. போனில் சொல்லலாமே என்பாய். வார நாளில் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதோடு, நான் குரலை உயர்த்தினால் "அம்மா, சிக்னல் சரியில்ல" என்று உனக்கு ஒரு வியாதி வரும். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார்.

நீ லீவில் வந்திருந்தபோது பேரனுக்குக் காய்ச்சல் என்று நான் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போனேன் அல்லவா, அந்த இரண்டு நாளில்தான் நீ அப்பாவின் பழைய மோட்டார் பைக்குக்குப் பிரஷர் கேஜ் மாட்டினாய். மாட்டினது தப்பே இல்லை. அப்பாவைவிட ஆறு வயது மூத்த வண்டி, எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று ஒரு முள் காட்டினால் நல்லதுதான். ஆனால் இந்தப் பட்டறையில் முப்பத்தாறு வருஷமாக ஆயில் லைன் செய்கிறவள் யார்? ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் செம்புக் குழாய் வளைத்துக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டு வந்து, "எஞ்சின் என்னோடது, குழாய் உன்னோடது" என்று அப்பா பாகம் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து இங்கே வரும் எந்தப் பழைய வண்டியின் குழாயையும் வேறு யாரும் தொட்டதில்லை. குழாயைச் சூடேற்றித் தண்ணீரில் முக்கி இளக்குவேன், உள்ளே பொடிமணல் அடைத்து வளைப்பேன், அதிர்வில் விரிசல் விடாமலிருக்க நடுவில் ஒரு சுருள் கொடுப்பேன், முனையில் நிப்பிளைப் பற்றவைத்து, பெட்ரோலில் கழுவி, ஒரு பக்கம் காற்றடித்து மறுபக்கம் வெள்ளைத் துணியைப் பிடிப்பேன். துணியில் ஒரு பொட்டு விழுந்தாலும் மறுபடி கழுவுவேன். ஒரு லைனுக்கு ஒரு பகல் போகும். உனக்குத் தெரியாததா இது? என் ஒரு பகலுக்காக உன்னால் இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. பம்பிலிருந்து, எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்குக்கு எண்ணெய் போகிற குழாயை நடுவில் வெட்டினாய், கேஜுக்குக் கிளை பிரிக்க ஒரு டீ ஜாயிண்டைச் செருகினாய், மரை இறுகப் பிடிக்க வேண்டும் என்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டாய். அந்த இடத்தில் செம்பு வாஷர்தான் போட வேண்டும், டேப் எண்ணெயில் ஊறிப் பிய்ந்துகொண்டு உள்ளே போகும் என்று இந்த வீட்டில் சுவருக்குக்கூடத் தெரியும்.

நான் திரும்பி வந்ததும், ஜாயிண்டில் என்னடா போட்டாய் என்று கேட்டேன். "ஒரு சொட்டு லீக் இல்ல, பாரும்மா" என்றாய். கேட்ட கேள்விக்கு அது பதிலா? ஆனாலும் நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. நீ கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது, உன் முகம் கோணுவதைப் பார்க்க மனம் வரவில்லை. அது என் தப்பு, நான் ஒத்துக்கொள்கிறேன். தப்பை ஒத்துக்கொண்டால் யாரும் செத்துப்போவதில்லை என்று நீயும் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போன பிறகு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பர் போடுகிறவர், பால்காரர், எதிர்க்கடை டெய்லர், ஒருத்தரை விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்து "என் பையன் மாட்டினது, பம்பு கம்பெனில இன்ஜினியர்" என்று காட்டுவார். காலையில் வண்டியைச் சூடாக்கிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்று முள் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் டீ. முதல் இரண்டு வாரம் "முப்பத்தஞ்சு" என்று சொன்னார். பிறகு நாற்பத்தைந்து. பிறகு ஒருநாள் "அறுபது" என்று சொல்லும்போது வாயெல்லாம் பல். "வண்டிக்கு வயசு குறையுது, அவன் கைராசி" என்றார். உனக்கும் போட்டோ எடுத்து அனுப்பினார், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாய். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். தேய்ந்துபோன பேரிங், பழைய எஞ்சின், எண்ணெய் சூடானால் இளகும், முள் இறங்க வேண்டும். அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் குழாய் விறைத்துக்கொண்டு நிற்கும், செடிக்குத் தண்ணீர் போகுமா? தினமும் அழுத்தத்தோடு வேலை செய்கிற உனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும், எத்தனை எஞ்சினைப் பிரித்த மனுஷன். ஆனால் மகன் மாட்டினது தப்பாக இருக்கும் என்று அவருக்கு நினைக்கவே வரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நானும் "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். டெய்லரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பட்டன் வாங்கப் போகும்போது எஞ்சின் ஜாம் ஆகி, பின்சக்கரம் அப்படியே நின்று, இரண்டு பேரும் ரோட்டில். அப்பாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. டெய்லர் கையை ஊன்றி விழுந்தார், வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கத்தரி பிடிக்கிற கை. நீ போனில் அப்பாவிடம் அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டாய், இரண்டாவது வார்த்தையே "ஆயில் லெவல் பாத்தீங்களாப்பா?" பார்த்தேன் என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாய். யோசித்தார், பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்றார். மாதிரியா என்று நீ பிடித்துக்கொண்டாய். "வயசாகுதுப்பா, மறதி வர்றது சகஜம், வெக்கப்படாதீங்க, டாக்டரைப் பாக்கலாம்" என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தாய். மறுநாள் மறதி நோயைப் பற்றி ஏதோ கட்டுரை அனுப்பினாய், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அடுத்த மாதம் மூன்றாம் தேதிக்கு அங்கிருந்தபடியே டாக்டரிடம் நேரமும் வாங்கிவிட்டாய். உன் சுறுசுறுப்பை என்னவென்று சொல்வது. கேஜ் மாட்டவும் அவசரம், அப்பாவுக்கு வியாதி மாட்டவும் அவசரம்.

விழுந்த அன்று காலையில் அவர் எண்ணெய் பார்த்தார். பார்த்துவிட்டு அளவுக் குச்சியை என் புதுக் கைத்துண்டில் துடைத்தார், அதற்கு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். இதையெல்லாம் சொன்னேன், "அது முந்தின நாளா இருக்கும்" என்கிறார். எஞ்சினைப் பிரிக்கவும் வரமாட்டேன் என்றார். நானேதான் பிரித்தேன். ஆயில் டேங்கில் எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது. கனெக்டிங் ராட் சூட்டில் நீலம் பாரித்துக் கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் கிராங்குக்குள் நுழைகிற துளை தீக்குச்சி நுழைகிற அளவுதான், அதில் உன் வெள்ளை டேப் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி அடைத்திருந்தது. கேஜ் அந்த அடைப்புக்கு முன்னால் இருக்கிறது, அதனால்தான் முள் அறுபது. அந்தப் பக்கம் எண்ணெயே போகவில்லை. ஊசியால் நோண்டி வெளியே எடுத்து ஒரு துணியில் வைத்தேன். அன்றே உன்னைக் கூப்பிட்டு டேப் சுற்றினாயா என்று கேட்டேன். "ஞாபகமில்லம்மா, சுத்தியிருக்கலாம், அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றாய். முப்பத்து நாலு வயதில் ஆறு வாரத்துக்கு முன்னால் செய்தது உனக்கு ஞாபகமில்லை. யாரை டாக்டரிடம் கூட்டிப்போவது என்று நீயே சொல்.

சரி, உன்னை விட்டுவிட்டு அந்த டேப் துண்டை அப்பாவிடமே காட்டினேன். பாருங்கள், எண்ணெய் இருந்தது, இதுதான் அடைத்தது, இது உங்கள் வேலை இல்லை, பையன் வேலை என்றேன். வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படி. "அவன் இப்படிச் செய்யமாட்டான். இது நான் சுத்தினதா இருக்கும். இதையும் மறந்துட்டேன் போல" என்றார். இனி நான் என்ன சொன்னாலும் அவருக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பிள்ளைமேல் பழி போடுகிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். என் வாய்க்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. உன் வாய்க்குத்தான் இருக்கிறது.

இப்போது அவர் பட்டறைக்குள் வருவதில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார், "எண்ணெய் பாக்காம வண்டி எடுக்கிறவன் கையில எவன் எஞ்சினைக் குடுப்பான்" என்கிறார். வாடிக்கைக்காரர் ஒருவரின் வண்டி பாதி பிரித்தபடி ஸ்டாண்டில் நிற்கிறது. காலை பத்து மணிக்கு டெய்லர் கடைக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல இவர் துணி வெட்டுகிறார், நூல் பிசிறு எடுக்கிறார், இஸ்திரி போடுகிறார். கிரீஸ் ஏறின அந்த விரல்களை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெள்ளைச் சட்டையைத் தொடுகிறார். டெய்லர் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, அதுவே இவரைத் தின்கிறது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார். நான் எதையாவது எடுத்து வரச் சொன்னால் அதையே முணுமுணுத்துக்கொண்டு போகிறார். மறதி இல்லாத மனுஷனை மறதிக்காரனாக்கிவிட்டாய். எண்ணெயே இல்லாமல் ஓடினாலும் ஒரு எஞ்சின் இத்தனை சீக்கிரம் கெடாது.

நான் புது லைன் செய்துவிட்டேன், சுருள் போட்டு, செம்பு வாஷர் போட்டு, உன் கேஜையே அதில் மாட்டியிருக்கிறேன். ராடும் கிராங்கும் கடைசல் பட்டறைக்குப் போயிருக்கின்றன. கேஜைத் தூக்கி எறியும் அளவுக்கு எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அது பொய் சொல்லவில்லையே.

போன மாதத்திலிருந்து அவர் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறார், மாத்திரை போட்டேன், கதவு பூட்டினேன் என்று நேரத்தோடு. அடுத்தவர் நோட்டைப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லை. இன்று சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இருந்தது, பிரித்துவிட்டேன். கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரே வரி. "மகனிடம் பேசினேன். அவன் ஆசையாக மாட்டிக் கொடுத்ததைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க இருந்தேன். மறந்துவிட்டேன். அடுத்த வாரம் கேட்க வேண்டும்." மறக்கவில்லையடா அவர், இரண்டு வாரமும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், கேட்க வாயெடுத்து வாயெடுத்து முடியாமல் குட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், திட்டி எழுதினாலும் அதில் மாற்றமில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, மூன்றாம் தேதி வரைக்கும் நிச்சயமாகக் காத்திருக்காதே. பகலில் அப்பா டெய்லர் கடையில்தான் இருப்பார், கடை நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கே கூப்பிடு, போனைச் சத்தமாக வைக்கச் சொல், டெய்லரும் கேட்கட்டும். சுற்றி வளைக்காதே, சயின்ஸ் பேசாதே. டேப் சுற்றினது நான்தான்ப்பா என்று சொல். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா