சணல் சுற்றிய ஹோஸ்

என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

உங்கள் வெள்ளைக் கார் மறுபடியும் ஓடிவிட்டது. ஓட்டியது நான்தான். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து ஷெட்டிலேயே கிடந்த வண்டியை, நம்ம செல்வியைத் தலைப்பிரசவத்துக்குக் காரியாபட்டி மாமியார் வீட்டிலிருந்து கூட்டிவர வெளியே எடுத்தேன். பெற்றவர் போயிருக்க வேண்டிய பயணம் அல்லவா அது?

கிளம்புமுன் பானெட்டைத் திறந்து சோதித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், திருத்தங்கல் மெக்கானிக்குகள் பாதிப் பேர் என்னிடம் யோசனை கேட்டுத்தான் ஸ்பேனரையே தொடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் மேல் ரப்பர் ஹோஸ், கிளிப் பக்கத்தில் வீங்கி வெடிப்பு விட்டிருந்தது. ஆட்டம் பாம் பட்டாசுக்குச் சுற்றுகிற சணல் வீட்டில் கிடந்தது. குண்டையே இறுக்கிப் பிடிக்கிற சணலுக்குச் சுடுதண்ணீர் எம்மாத்திரம்? பசை தடவிச் சுற்றிவிட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏலே, சுத்துனது போதும். திரியைக் கிரியை வச்சிராத!"

காரியாபட்டி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சரி, கடைசியில் கொஞ்சம் ஆவி வந்தது. கொஞ்சம் என்றால், தெருவே கூடிப் பார்க்கிற அளவுக்கு.

இன்ஜின் ஆறும்வரை செல்வி காத்திருந்தாள். பிறகு ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையின் பெருவிரலால் ஹோஸை அமுக்கினாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அப்படியே உங்களைப் போல.

"கூழாப் போச்சு மாமா. அப்பா இருந்தா இதுல என்னை ஏத்துவாகளா?"

சணலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புது ஹோஸ் வாங்கக் கடைக்கு நடந்தேன், மச்சான்.

நீங்கள் இருந்தபோது தினமும் காலையில் கூப்பிடுவீர்கள். "மாப்ள, இங்கன வந்து ஒரு தடவை அமுக்கிப் பாரு. நல்ல ஹோஸ் எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியணும்லே." நான் டீ கிளாஸோடு தூரத்திலிருந்தே, "பாத்தாலே தெரியும் மச்சான்" என்பேன். ஒருநாள் வந்து உங்கள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

புது ஹோஸ் மாட்டிய பிறகுதான் அவள் ஏறினாள். வழியெல்லாம் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டோம்.

வலி எந்நேரமும் வரலாம் என்கிறார்கள். வண்டி தயாராக நிற்கும், கவலைப்படாதீர்கள். இனி தினமும் விடிந்ததும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். சணலைத் தொடமாட்டேன்.

இன்று காலையும் பார்த்தேன். அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் திரும்பி வருகிறது. இதைக் காட்டத்தான் அம்புட்டு நாளும் கூப்பிட்டீர்களா, மச்சான்?

உங்கள் மாப்பிள்ளை,
செல்வியின் தாய்மாமன்