கதவுப்பிடியில் நீல ஷால்

சித்தி,

இன்று டியூஷன் முடிந்து வந்தபோது படிக்கட்டிலேயே அந்த வாடை அடித்தது. வரால் மீன் சூப்பும் மருந்துத் தைலமும் கலந்த வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். எங்கள் வாசலில் பெரியம்மாவின் செருப்பு கிடந்தது. நீங்கள் இறந்துபோன பிறகு இந்த வீட்டுப் பக்கம் வராத வாடை, இப்போது அம்மாவைத் தேடி வந்திருக்கிறது.

ஆமாம் சித்தி, உங்களுக்கு வந்ததே அம்மாவுக்கும் வந்துவிட்டது. போன வாரம்தான் முதல் தடவையாகக் கீமோ மருந்து ஏற்றினார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நோயை நினைத்தால் பயமாக இருக்கிறது. உங்களைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றிப் போட்டுக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகளை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

நீங்கள் பத்து காவான் ஊர் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்த நாட்களில் இந்த வீடே உங்கள் தூக்கத்துக்குக் காவல் இருந்தது. மாலையில் படுக்கும் முன் அறைக் கதவின் வெளிப் பிடியில் பழைய நீல ஷாலைச் சுற்றி, அவிழ்க்காமல் திறக்க முடியாதபடி இறுக்கிக் கட்டுவீர்கள். ஷால் தொங்கினால் யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அம்மா குக்கரை விசில் வரும் முன்பே இறக்கிவிடுவார். நீங்கள் கட்டியதைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்.

"ஏன் சித்தி இவ்ளோ டைட்டா?"

"ஒத்தக் கையால அவுக்க முடியக்கூடாது லா. ரெண்டு கையும் போட்டு அவுக்கறதுக்குள்ள மனுஷனுக்குக் கொஞ்சம் வெட்கம் வரும்" என்று சிரித்தீர்கள்.

பெரியம்மா அவருடைய ஊரான தாசேக் கெலுகோரிலிருந்து வந்தால்கூட அந்த ஷாலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார். "பாவம், வேலைக்குப் போற புள்ள, தூங்கட்டும்." அது விளக்கு வைக்கும் நேரமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். என் காதால் கேட்டிருக்கிறேன்.

நோய் வந்த பிறகு, அதே அறையில் அதே கதவில்தான் ஷாலைக் கட்டினீர்கள். யாரும் மதிக்கவில்லை, அவிழ்த்துப் போட்டார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு ஏது? மைலோ டின், ஆரஞ்சுப் பழம், அந்தச் சூப் என்று ஏந்திக்கொண்டு நேராக உள்ளே வந்தார்கள். நீங்கள் வாளியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, ஒரு மாமா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தார். கையில் ஒட்டிய எண்ணெயை உங்கள் போர்வையிலேயே துடைத்தார். ஒரு அத்தை, நீங்கள் வாய் திறந்து தூங்குவதை வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கை இமோஜிகள். இன்றும் யாராவது அந்தக் கைகளை அனுப்பினால் அருவருப்பாக இருக்கிறது. அன்போடுதான் வந்தார்கள் என்று அம்மா சொல்கிறார். இருக்கலாம். அந்த அன்பில் முறுக்கு எண்ணெய் நாறியது.

எல்லாவற்றையும்விட மோசம் அந்த மாலை நேரங்கள். மருந்தோடு கொடுத்த மாத்திரை உங்களை இரவெல்லாம் விழிக்க வைத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பீர்கள். பகலெல்லாம் ஆட்கள். எல்லோரும் கொஞ்சம் ஓயும் மாலையில்தான் உங்கள் கண் மூடும். சரியாக அப்போது பெரியம்மா தோளைப் பிடித்து உலுக்குவார்.

"எந்திரிடி. விளக்கு வைக்கிற நேரத்துல படுக்கக்கூடாது, வீட்டுக்கு ஆகாது."

"அக்கா, இப்பத்தான் கண்ணு சொருகுது. கொஞ்சம் விடேன்."

"ராத்திரி பூரா என்ன செய்யப் போற? அப்ப தூங்கு."

உங்களைத் தூக்கி உட்கார வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, அந்தச் சூப்பை வாயில் ஊற்றுவார். உட்கார்ந்தபடியே உங்கள் தலை தொங்கும்.

நாம் மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரிடம் நீங்களே சொன்னீர்கள். அவர் கோபித்துக்கொண்டார். "வலி, வாந்தி சொல்றீங்க, தூக்கம் வரலன்னு ஏன் முன்னாடியே சொல்லல? அதையும் நாங்க பாக்கணும்." மாத்திரையைக் காலையில் போடச் சொன்னார். பகலில் சோர்வாக இருந்தால் கொஞ்சம் படுக்கலாம், இரவில் அறை இருட்டாகவும் அமைதியாகவும் இருக்கட்டும் என்றார். தூங்கினால் நோய் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. இருக்கிற நாட்களை நன்றாக வாழ உடம்புக்கு அது வேண்டும் என்றார். வீட்டில் அதைச் சொன்னபோது பெரியம்மா, "அவருக்கென்ன தெரியும் நம்ம பழக்கம்?" என்றார்.

மழை கொட்டிய அந்த நாள் நினைவிருக்கிறதா? பெரியம்மாவால் வர முடியவில்லை. வேறு யாரும் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தையும் தாண்டித் தூங்கினீர்கள். இரவிலும் தூங்கினீர்கள். மறுநாள் எழுந்து, "செண்டோல் சாப்பிடணும் போல இருக்கு, வா" என்றீர்கள். லிட்டில் இந்தியா கடைத்தெரு வரை மெதுவாக நடந்தோம். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடையில் நின்று, வாங்காத புடவைகளுக்கெல்லாம் குறை சொன்னீர்கள். "இதக் கட்டுனா நான் பஸ் ஸ்டாப்பு மாதிரி இருப்பேன் லா." கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோலை ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டீர்கள். அன்று நீங்கள் பழைய சித்தி. அது போல இன்னும் எத்தனை நாட்கள் உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மழை பெய்தால்தான் ஒரு நோயாளி தூங்க முடியும் என்றால் அது என்ன வீடு?

இன்று நடந்ததற்கு வருகிறேன். அப்போது அப்பா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. பெரியம்மா சமையலறையில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தேன். நான்கு நாட்களாகச் சரியாகத் தூங்காதவர், சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து உங்கள் ஷாலை எடுத்தேன். கதவைச் சாத்தி, பிடியில் சுற்றி, நீங்கள் கட்டுவது போலவே இறுக்கினேன். பிறகு கதவுக்கு முன்னால் நின்றேன்.

பெரியம்மா ஒரு கையில் சூப்புக் கிண்ணத்தோடு வந்தார்.

"என்னடி இது? விளக்கு வைக்கிற நேரம். உங்கம்மாவ எழுப்பு."

"அம்மா தூங்குறாங்க."

"தூங்குனா? இந்த நேரத்துல படுத்தா ஆகுமா?"

"சித்தி நைட் ஷிப்ட் போறப்ப இதே நேரத்துலதான தூங்குனாங்க. நீங்கதான் தூங்கட்டும்னு சொன்னீங்க."

"அது வேலைக்குப் போறதுக்கு. சம்பளம் வாங்குறவ தூங்குனா அது வேற."

சித்தி, அதைக் கேட்டதும் பயம்கூட ஒரு நொடி நின்றுவிட்டது. அருவருப்பு மட்டும்தான் இருந்தது. கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"பெரிய மனுஷி ஆயிட்ட" என்று என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, காலியாக இருந்த கையால் முடிச்சைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். சூப்பு தளும்பி அவர் கையில் கொட்டியது. கிண்ணத்தைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் ஷாலில் வைத்தார். உள்ளே அம்மாவின் குறட்டை கேட்டது. பெரியம்மாவின் விரல்கள் அந்த நீலத் துணியின் மேல் அப்படியே நின்றன. அது யாருடைய ஷால் என்று அவருக்குத் தெரியும்.

வெட்கம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கையை எடுத்துக்கொண்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், விளக்கை அவரே ஏற்றினார். நாளை அப்பாவிடம் சொல்வார். நாற்காலிக்காரர்களும் வருவார்கள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா இப்போதும் தூங்குகிறார். ஷால் கதவில்தான் இருக்கிறது. அந்த முடிச்சைப் போட எனக்கும் வருகிறது சித்தி.